என்ஜின் பெருத்தால் வலு பெருகுமா?



கடலூர் முதுநகரில் ஒரு மோட்டார் பட்டறை. பழைய அம்பாசடர் கார் ஒன்றின் என்ஜினைப் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். காரின் சொந்தக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. “போர் பண்ணியாச்சு. சி.சி. கூடியிருக்குமே! இனி சிதம்பரம் வரைக்கும் வண்டி பறக்கும், இல்லையா?” என்றார். மெக்கானிக் சிரித்தார். “கூடித்தான் இருக்குங்க சார். நாலு சிலிண்டரும் சேர்த்து அரை கிளாஸ் டீ அளவு!”

நம் பக்கத்தில் ‘போர்’ என்றால் எல்லோருக்கும் ஆழ்துளைக் கிணறுதான் நினைவுக்கு வரும். பட்டறையில் அதன் பொருள் வேறு. என்ஜின் உருளையின் உட்சுவர் நாளடைவில் தேய்ந்து வட்டம் கெட்டுவிடும். அதை மெல்லக் கடைந்து, மறுபடி சரியான வட்டமாக்கி, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவதுதான் ‘போர் பண்ணுவது’. அதனால் சி.சி. கூடுகிறதா? எவ்வளவு கூடுகிறது? மெக்கானிக்கின் டீ கிளாஸ் கணக்கைச் சரிபார்ப்போமா?

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். பிஸ்டன் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடிக்கு வரும்போது உருளைக்குள் எவ்வளவு இடம் உண்டாகிறதோ அதுவே அந்த உருளையின் கன அளவு. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, உயரத்தாலும் பெருக்க வேண்டும். இங்கே உயரம் என்பது பிஸ்டன் நகரும் தூரம், அதாவது வீச்சு.

அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் என்ஜினின் உருளை விட்டம் 73.025 மி.மீ., வீச்சு 88.9 மி.மீ., உருளைகள் நான்கு. கணக்கிட்டால் ஓர் உருளைக்கு 372 சி.சி., நான்குக்கும் 1489 சி.சி. பட்டறையில் விட்டத்தை ‘நாற்பது தௌ’, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, பெரிதாக்கினார்கள் என்று கொள்வோம். அது 1.016 மி.மீ. புதிய விட்டம் 74.041 மி.மீ. மொத்தக் கன அளவு 1531 சி.சி. ஆகிறது. கூடியது 42 சி.சி. தான்! நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. மெக்கானிக்கின் கணக்கு சரியே. கார் முன்னைவிட நன்றாக இழுத்தால், அதற்குக் காரணம் இந்த 42 சி.சி. அன்று. தேய்ந்த சுவர் வழியே நழுவிக்கொண்டிருந்த வாயு இப்போது நழுவாமல் பிஸ்டனைத் தள்ளுகிறது என்பதே காரணம்.

சரி, சி.சி. கூடினால் வலு ஏன் கூட வேண்டும்? பெட்ரோல் தனியாக எரிவதில்லை. ஏறத்தாழ 15 கிராம் காற்று இருந்தால்தான் 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரியும். ஆகவே என்ஜின் என்பது முதலில் ஒரு காற்றுப் பம்பு. நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உருளை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் அம்பாசடர் என்ஜின் 2000 முறை இழுக்கும். 2000 முறை 1489 சி.சி. என்றால் ஏறத்தாழ 3000 லிட்டர்! 200 லிட்டர் பேரல்கள் பதினைந்து, ஒரே நிமிடத்தில்! காற்று அதிகம் புகுந்தால் பெட்ரோலும் அதிகம் எரியும். தள்ளும் விசையும் கூடும்.

கன அளவைக் கூட்ட விட்டத்தைப் பெருக்கலாம், வீச்சை நீட்டலாம், உருளைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வீச்சை இரு மடங்காக்கினால் கன அளவும் இரு மடங்குதான். விட்டத்தை இரு மடங்காக்கினால் நான்கு மடங்கு. அது மட்டுமன்று. வீச்சை நீட்ட வேண்டுமானால் கிராங்க் தண்டையே மாற்ற வேண்டும். பிஸ்டனும் அதே நேரத்தில் அதிகத் தூரம் ஓட வேண்டும். 88.9 மி.மீ. வீச்சுக்கே, 4000 சுற்றில், பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். ஒவ்வொரு கோடியிலும் அது நின்று திரும்பவும் வேண்டும். பாவம் பிஸ்டன்!

பிரிட்டனில் 1950களில் பிறந்த இந்த என்ஜின் குடும்பத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. முதலில் விட்டம் 65.48 மி.மீ., கன அளவு சுமார் 1200 சி.சி. பிறகு 1489, 1588, 1622, கடைசியில் 1798 சி.சி. இத்தனைக்கும் வீச்சு மட்டும் மாறவே இல்லை, 88.9 மி.மீ. தான். விட்டம் மட்டும் 80.26 மி.மீ. வரை வளர்ந்தது. ஆனால் அதை யாரும் பட்டறையில் கடைந்து பெறவில்லை. பழைய இரும்பை அவ்வளவு கடைந்தால் சுவர் ஓட்டையாகி, குளிர்விக்கும் நீர் உள்ளே வந்துவிடும். அதனால் உருளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்படி புதிதாக வார்த்தார்கள். கூடிய விசையைத் தாங்க, 1964இல் கிராங்க் தண்டின் தாங்கிகளையும் மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். ஒன்றைக் கூட்டினால் அதைச் சுற்றியுள்ளவை எல்லாம் ஈடுகொடுக்க வேண்டும், பார்த்தீர்களா?

இனி, சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். பழைய 350 புல்லட்டின் விட்டம் 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கன அளவு 346 சி.சி. 1989இல் வந்த 500 புல்லட்டில் வீச்சு அதே 90, விட்டம் 84. விட்டம் 1.2 மடங்கு; அதன் வர்க்கம் 1.44. 346ஐ 1.44ஆல் பெருக்குங்கள். 498! கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

வலுவும் அப்படியே பொருந்துமா? 350க்கு 18 குதிரைத்திறன். 1.44ஆல் பெருக்கினால் 26 வர வேண்டும். ஆனால் 500க்குச் சொல்லப்பட்டது 24, பின்னாளில் 22தான். மீதி எங்கே போயிற்று?

ஒரு சோதனை செய்யுங்கள். ஊசி கழற்றிய புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் முனையை நல்லெண்ணெயில் அமிழ்த்தித் தண்டை மெதுவாக இழுங்கள். குழாய் நிரம்பும். காலி செய்துவிட்டு, இப்போது சட்டென்று முழுத் தூரமும் இழுத்து உடனே பாருங்கள். உள்ளே பாதி வெற்றிடம்! இடம் இருக்கிறது, நிரம்ப நேரமில்லை. என்ஜினிலும் இதே கதை. உருளையைப் பெரிதாக்கி, வால்வும் கார்புரேட்டரும் அதற்கேற்ப வளராவிட்டால், வேகம் கூடக் கூட உருளை அரைவயிறாகவே ஓடும். 500 புல்லட்டில் அழுத்த விகிதத்தையும் குறைத்தே வைத்தார்கள். அதனாலும் வலு சற்றுக் குறையும்.

இன்னொரு செய்தி. உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யில் சி.சி. அளவு குறிக்கப்பட்டிருக்கும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. தேய்மானத்துக்காகப் போர் பண்ணுவது பராமரிப்பு. வேறு பெரிய என்ஜினைத் தூக்கி வைப்பது அப்படியன்று. பிரேக்கும் கியரும் பழைய வலுவுக்கென்றே செய்யப்பட்டவை. என்ஜினுக்கு வலு ஏறிவிட்டது என்று பிரேக்குக்கு யார் போய்ச் சொல்வது? மேலும், கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும் சாலை தட்டையானது. ஏற்காடு மலை ஏறத் தேவைப்படும் வலு அங்கே தேவையில்லை.

பட்டறைக்காரரின் டீ கிளாஸுக்கு எதிரான ஒரு கணக்கை உங்களிடம் விடுகிறேன். 1990களின் முற்பகுதியில் அம்பாசடருக்கு இசுசு என்ஜின் வந்தது. விட்டம் 84 மி.மீ., வீச்சு 82 மி.மீ., உருளைகள் நான்கு. கன அளவைக் காணுங்கள். அது 1489ஐப்போல் எத்தனை மடங்கு? வலுவோ, பழைய என்ஜினின் சுமார் 50 குதிரைத்திறனிலிருந்து 75க்கு ஏறிற்று. புல்லட்டில் வலு கன அளவுக்குப் பின்தங்கியது. இங்கே முந்திவிட்டதே, எப்படி? ஒரு குறிப்பு: இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு உருளைகளின் தலைக்கு மேலேயே இருக்கிறது. சிரிஞ்சுச் சோதனையை நினைத்துக்கொண்டு விடை தேடுங்கள்.