ரோட்டரி எஞ்சினை முதன்முறையாகத் திறப்பவர்களுக்கு

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினை முதன்முறையாகப் பிரிக்க உட்காருகிறவர், பெரும்பாலும் பிஸ்டன் எஞ்சினில் கை பழகியவராகத்தான் இருப்பார். அந்தப் பழக்கம் பாதி வேலைக்கு உதவும். மீதிப் பாதியில் வழிதவற வைக்கும். போதாததற்கு ரோட்டரி பற்றி உலவும் கதைகள் வேறு. எப்படிக் கழற்றினாலும் இந்த எஞ்சின் கழன்று வந்துவிடும். ஆனால் எதனால் செத்தது என்பதற்கான தடயம், அவசரமாகக் கழற்றும்போதே அழிந்துபோகும். காரணம் தெரியாமல் புது சீல் போட்டு மூடிய எஞ்சின் மறுபடியும் அதே நோயில்தான் படுக்கும்.

"கம்ப்ரஷன் பார்க்க எந்த கேஜும் போதும்"

போதாது. ரோட்டருக்கு மூன்று முகங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு தனி அறை. சாதாரண கேஜில் உள்ள வால்வு, மூன்றில் அதிகமான அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை மட்டுமே காட்டும். இரண்டு அறைகள் செத்திருந்தாலும் முள் நல்ல இடத்தில் நிற்கும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் கிடைக்காவிட்டால், கேஜின் வால்வை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு முள்ளின் துள்ளலைப் பாருங்கள். மூன்றும் சமமாகத் துள்ள வேண்டும். ஒன்று நன்றாக இருந்து இரண்டு தளர்ந்தால், அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில், ரோட்டரின் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீல்மேல் சந்தேகப்படலாம். ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொது. ஒன்று மட்டும் தளர்ந்தால் பக்கவாட்டு சீல் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இறக்கிய பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

"பாகங்கள் குறைவு, அதனால் பிரிப்பது சுலபம்"

சிலிண்டர் ஹெட் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. இரண்டு ரோட்டர், ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். வார்ப்பிரும்புத் தட்டு மூன்று, அவற்றுக்கு இடையில் அலுமினிய ரோட்டர் ஹவுசிங் இரண்டு. இட்லித் தட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீண்ட போல்ட்களால் இறுக்கியிருக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் ஒரு ரோட்டரில் மட்டும் ஏபெக்ஸ் சீல் 3, கார்னர் சீல் 6, பக்கவாட்டு சீல் 6, ஆயில் வளையம் பக்கத்துக்கு இரண்டாக 4. ஒவ்வொன்றின் பின்னாலும் ஸ்பிரிங். ஏபெக்ஸ் சீலே இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக வரும். இவை அனைத்தும் தங்கள் பள்ளத்தோடும், தாங்கள் உரசிய பரப்போடும் தேய்ந்து பொருந்தியவை. எது எந்த ரோட்டரில், எந்த முனையில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எண்ணிட்ட தட்டில் வைக்காமல் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால், அளந்து பார்ப்பதில் பயனே இல்லை.

எஞ்சினை ஃப்ளைவீல் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திப் பிரிப்பார்கள். பின் தட்டை எடுத்தபின் ஹவுசிங்கை மெதுவாக, சாயாமல் தூக்க வேண்டும். ஸ்பிரிங்கின் விசையில் சீல்கள் பள்ளத்தை விட்டு வெளியே விழக் காத்திருக்கும். நடுத்தட்டு இன்னும் தொல்லை. ஷாஃப்டின் மையம் விலகிய வட்டப்பகுதி அதற்குக் குறுக்கே நிற்பதால், ஷாஃப்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால்தான் தட்டு கடந்து வரும். இதற்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். சுத்தியல் வேண்டாம்.

முன்பக்கப் புல்லி போல்ட்டிலும் எச்சரிக்கை தேவை. அதைத் தளர்த்தினால் உள்ளே உள்ள ஊசி பேரிங் இடம் நழுவலாம். கவனிக்காமல் மறுபடி இறுக்கினால் நசுங்கிவிடும். நல்ல எஞ்சினில் ஆயில் சீல் மாற்றப்போய், அதையே கெடுத்துக்கொள்ளும் வழி இது.

"இவ்வளவு நீள போல்ட்டுக்கு முழு பலமும் போட வேண்டும்"

முழு பலம் கேட்பது ஃப்ளைவீல் நட்டு. 54 மி.மீ. அளவு, நீளமான குழாய் இல்லாமல் அசையாது. கழன்ற பிறகும் ஃப்ளைவீல் கூம்பில் கவ்விக்கொண்டிருக்கும். நட்டைச் சில மரைகள் விட்டு வைத்துக்கொண்டு இழுங்கள். திடீரென விடுபட்டால் காலில் விழும். நீண்ட போல்ட்களின் கதை வேறு. மாட்டும்போது அவற்றுக்கு 3.2 முதல் 4 கிலோகிராம்-மீட்டர் டார்க் போதும். சமமாக, வரிசைப்படி, படிப்படியாக இறுக்குவதும் தளர்த்துவதும்தான் முக்கியம்.

"ரோட்டரி செத்தால் ஏபெக்ஸ் சீல்தான் காரணம்"

இந்தப் பழி பழையது. 1967-இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் கொண்டுவந்த ஆர்ஓ 80 காரில் சீல்கள் தேய்ந்து எஞ்சின்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோதோவின் குழு, ஹவுசிங்கின் உட்சுவரில் சீல் அதிர்ந்து கீறிய வரிகளைப் 'பேயின் நகக்கீறல்' என்றே அழைத்தது. அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலால் அதை அடக்கி, அதே 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991-இல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி, 24 மணி நேரம் ஓடி லே மான் பந்தயத்தை வென்றது. சீலின் பெயர் மட்டும் இன்னும் தேறவில்லை.

உடைந்த சீலைக் கையில் எடுத்தவுடன் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ரோட்டரின் முகத்தில் சீல் மோதிய பள்ளம் இருக்கிறதா? டர்போ எஞ்சினாக இருந்தால், நாக்கிங்தான் பெரும்பாலும் அந்தச் சீலை உடைத்திருக்கும். எரிபொருளும் இக்னிஷன் டைமிங்கும் சரியாகாமல் புது சீல் நிற்காது. உடையாமல் தேய்ந்திருந்தால் உயரத்தை அளந்து பாருங்கள். 1986-க்குப் பிந்தைய 2 மி.மீ. தடிமன் சீல் புதிதில் 8 மி.மீ. உயரம், 6.5-க்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிறகு கூலன்ட் சீல்களைப் பாருங்கள். தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஓடும் இந்த ரப்பர் வளையங்களைப் பலரும் குப்பையோடு தள்ளிவிடுகிறார்கள். ஒருமுறை எஞ்சின் அளவுமீறிச் சூடேறினாலே இவை போய்விடும். கூலன்ட் காணாமல் போவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ஒரு ரோட்டரின் முகம் மட்டும் கரியில்லாமல் கழுவியதுபோல் இருப்பது: இவை மூன்றும் சேர்ந்தால் ஏபெக்ஸ் சீலை விட்டுவிட்டு இங்கே தேடுங்கள்.

"ஆயில் குடிக்கிறது, எஞ்சின் போச்சு"

குடிக்கத்தான் வேண்டும். ஏபெக்ஸ் சீலுக்கு வழுவழுப்பு தருவதற்காகவே ஒரு சிறு பம்ப் அளந்து ஆயிலை உள்ளே அனுப்புகிறது. நீலப்புகை கட்டிக்கட்டியாக வந்தால்தான் ஆயில் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

"ரோட்டர் 9000 ஆர்பிஎம்மில் சுழல்கிறது"

சுழல்வது ஷாஃப்ட். ரோட்டரின் உட்பல் 51, அசையாத கியரின் பல் 34. அந்தக் கணக்கில் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும்போது ரோட்டர் ஒரு சுற்று. 9000-த்தில் வெறும் 3000.

"போர் போட்டு ஓவர்சைஸ் போட்டுவிடலாம்"

இந்த ஒரு நம்பிக்கைதான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. ஹவுசிங்கின் உட்புறம் வட்டம் இல்லை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய வளைவு. அதன்மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. கடைந்தால் பூச்சும் போகும், வடிவமும் போகும். பெரிய அளவு ரோட்டரும் கிடையாது. குரோம் பெயர்ந்த ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டு அப்படியல்ல. பக்கவாட்டு சீல் ஓடிய தடத்தில் தேய்மானம் 0.10 மி.மீ.க்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். மிஞ்சினால், தேர்ந்த பட்டறையில் சமன்படுத்தி மறுபடி மாட்டலாம். அதனால் ஹவுசிங்கைப் பார்த்து மனம் உடைந்து மொத்த எஞ்சினையும் காயலான் கடைக்குப் போடும் முன், அந்த மூன்று தட்டுகளையும் டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள்.