பூட்டியின் பெயர் எந்த ஏட்டில்?

ஜொகூரில் தோட்டத்துப் பரம்பரையில் வந்த வீடுகளில் தாத்தா எந்தக் கப்பலில் ஏறினார், எந்தக் கங்காணி கூட்டிவந்தான் என்று ஒரு கதை கட்டாயம் இருக்கும். பாட்டியின் அம்மாவான பூட்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சு பெயரோடு நின்றுவிடும். இத்தனைக்கும் அவரும் விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பில்) நின்று, பால்மரம் வெட்டி, தன் பெயரில் சம்பளம் வாங்கியவர். மனைவியாகவும் தாயாகவும் மட்டும் தேடுவதால்தான் பலருக்கு அவர் அகப்படுவதில்லை. உழைத்தவராகத் தேடுங்கள்.

செய்ய வேண்டியவை

• வீட்டு டிரங்குப் பெட்டியில் தொடங்குங்கள். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 12 வயது நிரம்பியவர்களுக்குப் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை கொடுத்தார்கள். ஸ்டூடியோ வாசலையே மிதிக்காத பெண்கள் பலருக்கு அதுதான் முதல் படம். தலையை இறுக்கி வாரி, மூக்குத்தி தெரிய, கண்ணிமைக்காமல் நேரே பார்க்கிற முகம். கூடவே, மை அப்பிய கட்டைவிரல் ரேகை. அட்டை எண்ணையும் முகவரியையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

• கூலி சம்பந்தப்பட்ட தாள் எதையும் ஒதுக்காதீர்கள். தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பெண்ணுக்கும் தனி வரி உண்டு. பழைய செக்ரோல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆனாலும் ஓய்வுபெற்ற கிராணிகளின் (தோட்ட எழுத்தர்களின்) குடும்பங்களைக் கேட்டுப் பார்க்கலாம். பிந்திய காலத்துத் தாள்கள் கிடைப்பது எளிது. 1951-இல் சட்டமான ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) கணக்கு, 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை கட்டிய ரசீது. தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட அந்த நாளில் கூலிக் காசில் சங்கத்தின் பங்கு வாங்கியவர்களில் உங்கள் பூட்டியும் இருக்கலாம். எனக்கு இந்த ரசீதுகள்மீது தனி மரியாதை உண்டு.

• அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரின் பிறப்புப் பத்திரங்களையும் திரட்டுங்கள், சிசுவிலேயே இறந்தவர்களுடையவை உட்பட. தேசியப் பதிவு இலாகாவில் சான்றுப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றில் தெய்வானை, இன்னொன்றில் தேவாணி, மூன்றாவதில் தீவானி என்று இருந்தால் மூன்றையும் வரிசையாக எழுதிவையுங்கள். அடுத்த ஏட்டில் அவர் எந்த எழுத்தில் நிற்பார் என்று சொல்ல முடியாது.

• தோட்டத்துக்குத் தமிழர் வாயில் ஒரு பெயர், கம்பெனிக் காகிதத்தில் ஒரு பெயர். இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007-இல் ஒன்றானதால், பழைய கம்பெனியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல்தான்.

• சிங்கப்பூரையும் விடாதீர்கள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அங்குள்ள தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. மரண அறிவிப்பில் உறவுமுறைகள் கிடைக்கக்கூடும்.

செய்யக்கூடாதவை

• கயானாக்காரர்களைப் போல ஒப்பந்தச் சீட்டைத் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். கயானா வம்சாவளி எழுத்தாளர் காயுத்ரா பகதூர் தம் பூட்டி சுஜாரியாவைக் கண்டெடுத்தார். 1903-இல் கல்கத்தாவில், வயிற்றுப் பிள்ளையோடு தனியாகக் கப்பலேறியவர் அந்தப் பெண். கயானாவில் ஒப்பந்தக் கூலி முறை இருந்ததால் ஆளுக்கொரு பதிவு எஞ்சியது. மலாயாவில் அம்முறை 1910-இல் முடிந்துவிட்டது. பிறகு 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணியோடு வந்தவர்கள் அப்படி ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தவர்கள் அல்லர்.

• அடையாள அட்டையிலுள்ள வயதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பலருக்கு அது எழுதியவர் மதிப்பிட்டது.

• இரண்டு கணவர் பெயர் வந்தால் ஒன்றை மறைக்காதீர்கள். மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட ஆய்வு நூல், துணையை விட்டு விலகவும் வேறு துணையைத் தேடிக்கொள்ளவும் துணிந்த பெண்களை அரசுக் கோப்புகளிலிருந்தே காட்டுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீட்டிலுள்ள பெரிய பாட்டியைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவருக்கு அது சொந்தத் தாயின் வாழ்க்கை.

• ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை ஒன்றும் கிடைக்காவிட்டால் கற்பனையால் நிரப்பாதீர்கள். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்தது உண்மை. சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன கணவர்கள் பலர் திரும்பாததும் உண்மை. உங்கள் பூட்டிக்கு இதில் எது நடந்தது என்பதற்குத் தாளோ சாட்சியோ வேண்டும்.

• பழைய அட்டையை லாமினேட் செய்யாதீர்கள். இருபக்கமும் படமெடுத்துக்கொண்டு, வைத்திருந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.