கட்டடத்துக்கு ஒரு டிஜிட்டல் மாதிரி: அடுக்ககச் சங்கங்களுக்கான வழிகாட்டி

மூன்றாம் மாடிக் குளியலறையில் கசிவு. இதே இடத்தை முன்பு ஒருமுறை உடைத்துச் சரிசெய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எந்த ஆண்டு, எந்தக் குழாய், யார் செய்தார்கள் என்று கேட்டால்தான் பதில் இல்லை. அப்போதைய செயலாளர் வீட்டை விற்றுப் போய்விட்டார். படங்கள் அவருடைய பழைய கைப்பேசியோடு போய்விட்டன. பெரும்பாலான அடுக்ககங்களில் பராமரிப்பு இப்படித்தான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு மாற்றுவழிதான் டிஜிட்டல் கட்டட மாதிரி. பொறியாளர்கள் இதை ‘பிம்’ என்பார்கள். தூண், பீம், தளம், குழாய் என ஒவ்வொன்றும் தனிப் பொருளாக, தனக்கென ஓர் எண்ணும் வரலாறும் கொண்டு இருக்கும் முப்பரிமாணக் கோப்பு இது. அழகான படமாகப் பார்த்தால் அதில் பெரிய பயன் இல்லை. நோயாளியின் மருத்துவக் கோப்புபோல் தேதிவாரியாகப் பதிந்து வந்தால்தான் பயன். ஒரு சங்கம் தானே தொடங்கக்கூடிய வழி இதோ.

1. கேள்விகளை முதலில் எழுதுங்கள்

மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? ‘எந்த விரிசல் வளர்கிறது?’, ‘மொட்டைமாடித் தட்டோடுக்குக் கீழே நீர்த்தடுப்பு எப்போது போட்டது?’, ‘இந்த வால்வை மூடினால் எந்த வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும்?’ என்பதுபோல் பத்துக் கேள்விகள் போதும். அவற்றுக்குத் தேவையில்லாத எதையும் வரைய வேண்டாம். கதவுக் கைப்பிடியை வரைவதில் போகும் நேரம் வீண்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

ஒப்புதல் பெற்ற வரைபடம், கம்பி விவரம் உள்ள கட்டமைப்பு வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, குழாய் மற்றும் மின்சார வரைபடங்கள், லிஃப்ட், பம்ப் உத்தரவாதத் தாள்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்யுங்கள். ஒப்புதல் வரைபடமும் எழும்பி நிற்கும் கட்டடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பால்கனியை அறையாக்கியவர்கள், சுவரை எடுத்தவர்கள் எல்லாக் கட்டடங்களிலும் உண்டு. அந்த மாற்றங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நேரில் அளந்து சரிபாருங்கள்

சிறிய கட்டடத்துக்குக் கையடக்க லேசர் தூரமானியே போதும். 2020-இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ வகைக் கைப்பேசிகளில் லைடார் உணரி இருக்கிறது. ஏறக்குறைய 5 மீட்டர் தூரம் வரை அறையின் வடிவத்தைப் பிடித்துவிடும். பெரிய வளாகம் என்றால் முக்காலியில் வைக்கும் லேசர் ஸ்கேனருடன் சர்வேயரை அழைப்பது நல்லது.

கைப்பேசி ஸ்கேன், பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும். விரிசல் அகலத்தையோ அஸ்திவாரம் இறங்குவதையோ அளக்க அது உதவாது. லேசர் ஸ்கேனரும்கூடச் சுவருக்குள் ஓடும் குழாயைப் பார்க்காது. ஆகவே எப்போது சுவரை உடைத்தாலும், பூசி மூடும் முன் அளவுநாடாவை வைத்துப் படமெடுத்து மாதிரியில் சேருங்கள்.

4. எண் கொடுத்து வரையுங்கள்

ஃப்ரீகேட், பிளெண்டரில் இயங்கும் பொன்சாய் இரண்டும் இலவச மென்பொருள்கள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளை ஒருவர் வளாகத்தில் இருந்தால் வேலை எளிது. எதில் வரைந்தாலும் ஐஎஃப்சி வடிவத்தில் ஒரு பிரதி சேமியுங்கள். அது பொதுத் தரம் என்பதால், மென்பொருளை மாற்றினாலும் தரவு கைவிட்டுப் போகாது.

கட்டமைப்பு வரைபடத்தில் தூண்களுக்கு சி1, சி2 என்றும் பீம்களுக்கு பி1, பி2 என்றும் பெயர் இருக்கும். அதையே தள எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தத் தூண்களில் அந்த எண்ணைப் பெயின்டில் எழுதிவிட்டால், வாட்ச்மேன்கூடக் குறையைச் சரியான இடத்தோடு சொல்வார்.

5. விரிசலைப் பதியும் முறை

தரைத்தளத் தூண் சி7-இல் செங்குத்தாக ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் அளக்கும் அட்டையை மேலே வைத்து, மிக அகலமான இடத்தின் அளவைக் குறியுங்கள். அட்டை தெரியும்படி படமெடுங்கள். இடம், திசை, நீளம், அகலம், தேதி, நேரம் ஆகியவை சி7-இன் பக்கத்தில் ஏற வேண்டும்.

நேரம் எதற்கு? வெயிலில் கான்கிரீட் விரியும், குளிரில் சுருங்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் விரிசல் ஒரே நாளில்கூட அகலம் மாறும். எனவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கோடையையும் மழைக்காலத்தையும் ஒப்பிட ஓர் ஆண்டுப் பதிவாவது வேண்டும்.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரையும், எப்போதும் ஈரம் படும் பாகங்களில் 0.2 வரையும் விரிசல் அகலத்தை அனுமதிக்கிறது. ஆனால், திசையே அதிகம் சொல்லும். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளும் விரிசல், உள்ளே துரு என்பதற்கான அறிகுறி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது; இங்கே அகலம் குறைவு என்று அலட்சியம் கூடாது. பீம் தூணோடு சேரும் இடத்துக்கு அருகே சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் அன்றே கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். பூச்சில் வலைபோல் பரவும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும்.

6. சோதனை முடிவுகளை அந்தந்தத் தூணில் ஏற்றுங்கள்

பொறியாளர் சோதனைக்கு வந்தால் முடிவுகளைத் தூண், பீம் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்கும் அரைக்கல மின்னழுத்தச் சோதனையில், செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துருப்பிடிப்பு நடப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல். அந்தத் தூண்களைச் சிவப்பாகவும், சந்தேகத்துக்குரியவற்றை மஞ்சளாகவும் மாதிரியில் வண்ணமிடுங்கள். சிவப்பெல்லாம் ஒரே மூலையில் குவிந்தால், மேலே கசியும் தொட்டியோ கழிவுநீர்க் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி அறிக்கைகளில் தெரியாத தொடர்பு மாதிரியில் சட்டென்று தெரியும்.

7. சென்சார் அளவோடு போதும்

இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் தாங்குவடங்கள் கான்கிரீட் உறைக்குள் இருந்ததால், உள்ளே துருப்பிடிப்பதை வெளியிலிருந்து காண முடியவில்லை. 2020-இல் அங்கே திறந்த புதிய பாலத்தில் சென்சார்களும் ஆய்வு ரோபோக்களும் வைத்திருக்கிறார்கள். அடுக்ககத்துக்கு அவ்வளவு தேவையில்லை. தொட்டி நீர்மட்டம், பம்ப் இழுக்கும் மின்னோட்டம், பொறியாளர் சொல்லும் ஓரிரு விரிசல்கள் இவற்றுக்கு மட்டும் பொருத்தினால் போதும். எந்த அளவைத் தாண்டினால் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று முடிவு செய்யாமல் சென்சார் வாங்குவது காசுக்குக் கேடு.

8. புதுப்பிக்காத மாதிரி தவறான வழி காட்டும்

பெரும்பாலும் முயற்சி தோற்பது இந்தக் கட்டத்தில்தான். சங்கத் தீர்மானத்தில் மூன்று விதிகளைச் சேருங்கள். வேலை முடிந்த படமும் விவரமும் மாதிரியில் ஏறாமல் இறுதித் தவணை கொடுப்பதில்லை. மாற்றம் செய்யும் உரிமை இருவருக்கு மட்டும். பார்க்கும் உரிமை எல்லோருக்கும். கோப்பு சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும், பிரதி ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு கடவுச்சொல்லும் கைமாற வேண்டும்.

கட்டடம் பாதுகாப்பானதா என்ற தீர்ப்பை மாதிரி சொல்லாது. அது பொறியாளரின் வேலை. எங்கே பார்க்க வேண்டும், முன்பு என்ன நடந்தது என்பதை அவர் கையில் கொடுப்பது மாதிரி. முழு வளாகத்தையும் ஒரே மூச்சில் வரைய நினைக்காமல், கார் நிறுத்தத் தூண்களிலும் மொட்டைமாடியிலும் தொடங்குங்கள். அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்பு நிதி எதற்கு முதலில் என்ற வாக்குவாதம் வரும்போது, வண்ணமிட்ட மாதிரியைத் திரையில் போட்டுவிட்டுப் பேசலாம்.