பரீட்சை முடிந்த அன்று மாலை



எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு வருடம் இராப்பகலாகப் படித்து மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வை எழுதியது. மாலை ஐந்து மணிக்கு வெளியே வரும்போது முகம் மலர்ந்துதான் இருந்ததாம். வாசலில் தோழியர் இருவர் கேள்வித்தாளும் கையுமாக நின்றார்கள். “இந்தக் கேள்விக்கு நீ என்ன போட்டாய்?” என்று ஒருத்தி தொடங்கி வைத்தாள். வீடு வந்து சேருவதற்குள் பன்னிரண்டு விடைகள் தவறு என்று முடிவாகிவிட்டது. மஃரிபை அழுதுகொண்டே தொழுதது, சோறு இறங்கவில்லை. இரவில் பயிற்சி நிலையங்கள் வெளியிட்ட விடைகளைச் செல்போனில் பார்த்தது. ஒரு நிலையம் சரி என்றதை இன்னொரு நிலையம் தவறு என்றது!

மறுநாள் அதன் உம்மா என்னிடம் வந்து, “ஹழ்ரத், ‘அதைப் போட்டிருந்தால், இதைப் போட்டிருந்தால்’ என்று விடிய விடியப் புலம்புகிறாள். ஏதாவது ஓதிப் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டார். ஓதிப் பார்ப்பது இருக்கட்டும். அந்தப் புலம்பலைப் பற்றியே நம் மார்க்கத்தில் ஒரு பாடம் இருக்கிறதே, அதை முதலில் பார்ப்போம்.

‘இப்படிச் செய்திருந்தால்’ என்பதற்கு அரபியில் ‘லவ்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. (நம் பிள்ளைகள் சினிமாவில் கேட்கும் சொல் அல்ல!) ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்தச் சொல்லைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். உனக்குப் பயன் தருவதில் ஆர்வத்தோடு முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்து போகாதே, அதன்பிறகும் ஒன்று நேர்ந்துவிட்டால் ‘அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே’ என்று சொல்லாதே, அது ஷைத்தானுக்குக் கதவு திறந்துவிடும் என்பது அதன் கருத்து. வரிசையைக் கவனியுங்கள். முயற்சிதான் முதலில் நிற்கிறது. நாட்டப்படி நடந்தது என்று ஆறுதல் கொள்வது உழைத்தவனுக்குரியது. படிக்காமல் ஊர் சுற்றியவன் ‘எல்லாம் தக்தீர்’ என்று சொல்ல இதில் இடமில்லை.

அப்படியானால் செய்த தவறை எண்ணிப் பார்க்கவே கூடாதா என்று கேட்கலாம். அப்படியும் அல்ல. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில், ‘லவ்’ என்ற சொல்லை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கென்றே ஒரு பாபை அமைத்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களே இறுதி ஹஜ்ஜின்போது, இப்போது தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் குர்பானிப் பிராணிகளை உடன் கொண்டு வந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் கூறினார்கள். அது ஸஹாபாக்களுக்குச் சட்டத்தை விளக்கவும் அவர்கள் மனத்தைத் தேற்றவும் சொல்லப்பட்டது. ஆகவே ஒரே சொல்தான், படிப்பினைக்காகச் சொன்னால் ஒன்று, நடந்ததை வெறுத்துச் சொன்னால் வேறொன்று. ‘இந்தப் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை, அடுத்த முறை படிக்க வேண்டும்’ என்பது முதல் வகை. இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண்ணைக் கூட்டிக் கழிப்பது இரண்டாவது வகை.

அந்தக் கணக்காவது சரியாக இருக்கிறதா? அதுவும் இல்லை. 2025-ஆம் ஆண்டின் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு; தவறானால் ஒன்று குறையும். ஆக, ஒரு விடை சரியிலிருந்து தவறாக மாறினால் ஐந்து மதிப்பெண் போய்விடும். பிள்ளைகள் பதறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் 2024-ல் நடந்ததைப் பாருங்கள். அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்குப் பழைய பாடப்புத்தகப்படி ஒரு விடை, புதிய பாடப்புத்தகப்படி ஒரு விடை. தேர்வு நடத்திய முகமை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒன்றுதான் சரி என்று சொல்ல, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. முழு மதிப்பெண் பெற்றிருந்த 61 பேர் 17 பேராயினர். பெரும் நிபுணர்களும் நீதிபதிகளும் ஜூலை மாதம் வரை முடிவு செய்ய வேண்டியிருந்த கேள்விக்கு, மே மாதத்து மாலையில் வாசலில் நின்ற மூன்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

விடைகளை ஒப்பிடுவது ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. 2025-ல் மே 4-ஆம் தேதி தேர்வு. ஜூன் 3-ஆம் தேதி தற்காலிக விடைக்குறிப்பு. அதில் ஆட்சேபம் இருந்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி முறையிடலாம். ஜூன் 14-ல் முடிவு. அந்த விடைக்குறிப்பு வரும்போது புத்தகத்தை எடுத்து வைத்து ஒப்பிடட்டும். அது பயனுள்ள முயற்சி. அதற்கு முந்திய ஒரு மாதம் எவர் சொல்லும் விடையும் வெறும் ஊகமே.

இன்னொன்று. தேர்வு பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. உள்ளே அனுப்புவதோ ஒன்றரை மணியோடு சரி. லுஹரைப் பாங்கு சொன்னவுடனேயே தொழுதுவிட்டுப் போகலாம். வெளியே வரும்போது நம் ஊர்களில் அஸர் வக்து ஆகியிருக்கும். மஃரிபுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பெற்றோர்களே, வாசலில் பிள்ளையைக் கண்டதும் “எத்தனை வரும்?” என்று கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், பக்கத்துப் பள்ளி எங்கே, பெண்கள் தொழ இடம் எங்கே என்று காலையிலேயே விசாரித்து வைத்து அங்கே அழைத்துப் போங்கள். விடை பேசிக்கொண்டே அஸரைத் தவறவிட்டு வருகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த நஷ்டம் எந்த விடைக்குறிப்பிலும் வராது.

நேர்ச்சை செய்யும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நேர்ச்சை எதையும் முற்படுத்தாது, பிற்படுத்தாது. கஞ்சனிடமிருந்து ஏதோ ஒன்றை வெளியே கொண்டு வருகிறது, அவ்வளவே என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. ஸதக்கா கொடுப்பதாக இருந்தால் ‘சீட் கிடைத்தால்’ என்று காத்திராமல் இன்றே கொடுங்கள். முன்பே நோன்போ ஸதக்காவோ நேர்ந்துகொண்டு, காரியமும் நிறைவேறிவிட்டால் அதைச் செய்தே ஆக வேண்டும். துஆவுக்கு மட்டும் முடிவு வரை அல்ல, அதற்குப் பிறகும் வாசல் திறந்தே இருக்கிறது.

உறவினர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. ‘என் பையன் 650 எடுப்பான்’ என்று முடிவு வருமுன்னே பெருமை பேசுவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் துருவித் துருவிக் கேட்பதும் பிள்ளைகளின் கழுத்தில் கல்லைக் கட்டுவது போன்றது. இந்தத் தேர்வையொட்டி நம் மாநிலத்தில் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று பேசினால், ‘ஈமான் பலவீனம்’ என்று ஏசாதீர்கள். இரவில் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 104 என்ற அரசு எண்ணில் பேசினாலும் ஆலோசனை சொல்வார்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய காரியந்தான்.

அந்தப் பிள்ளையிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் ஹதீஸை மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, “விடைக்குறிப்பு வந்தால் பார்க்கலாம்தானே, ஹழ்ரத்?” என்று கேட்டது. “தாராளமாக” என்றேன். கேள்வித்தாளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை உம்மாவின் கையில் கொடுத்தது. “அன்றைக்குக் கேட்பேன், அதுவரை தராதீங்க” என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னது.