மலைக் கல்யாணத்துக்கு மிரர்லெஸ் கேமரா

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி, ஜவ்வாது மலை ஊர்களில் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிடக் கூடாது என்பதால், பாதி மிச்சமிருந்தாலும் முகூர்த்தத்துக்கு முன்பே புதுசு மாட்டிவிடுவோம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவெல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடும். படம் விழுந்ததா இல்லையா என்பது மலையிறங்கி, லேபில் கழுவிய பிறகுதான் தெரியும்.

இப்போது டிஜிட்டலில் அந்த முடிவு கல்யாணத்துக்குப் பிறகு போய்விட்டது. எடுக்க ஒரு பகல், செலக்‌ஷனுக்குப் பல ராத்திரி. அதனால் சாயங்காலமே, மண்டபமோ வீட்டுத் திண்ணையோ, உட்கார்ந்து நல்ல படங்களுக்கு கேமராவிலேயே ஸ்டார் போட்டுவிடுகிறேன். எடிட்டிங்கில் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

மிரர்லெஸ் வந்ததில் உண்மையான லாபம் விடியற்கால முகூர்த்தத்தில்தான். பந்தலில் நாலு பல்பு மட்டும் எரிந்தாலும் கேமரா மணப்பெண்ணின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஃப்ளாஷ் அடித்து ஐயரையோ ஊர்ப் பெரியவரையோ திடுக்கிட வைக்க வேண்டியதில்லை. சத்தமில்லாத ஷட்டர் பெரிய வசதி என்பார்கள், எல்.இ.டி. விளக்கின் கீழே அதை நம்பாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், படத்தில் வரிவரியாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஜெனரேட்டர் ஓடும் வீடாக இருந்தால் அந்தக் கணக்கும் கொஞ்சம் பிசகும். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

பேட்டரி விஷயம் தனி. 2014இல் வந்த, உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை நிக்கான் டி750, கம்பெனிக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 1,230 படம் தாங்கும். 2018இல் வந்த மிரர்லெஸ் சோனி ஏ7 III சுமார் 710. மிரர்லெஸ்ஸில் திரை ஓயாமல் எரிகிறதே, சார்ஜ் எங்கே நிற்கும்? தைக் குளிரில் இன்னும் குறையும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர்களுக்கு, காரில் போடும் சார்ஜர் இல்லாமல் கிளம்புவதில்லை.

(இதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஓடுகிறது. கண்ணாடித் தகட்டில் நட்சத்திரம் பிடித்தவர்களும் மின்னணு சென்சாருக்குத்தான் மாறினார்கள். ஆனால் அவர்களுடைய நட்சத்திரம் நாளை ராத்திரியும் வரும்.)

“அண்ணா, இப்பவே வாட்ஸ்அப்ல போட்டுடுங்க” என்று மாப்பிள்ளையின் தங்கச்சி கேட்காத கல்யாணம் இல்லை. கேமராவிலிருந்து போனுக்குச் சின்ன அளவில் பத்துப் படம் இறக்கிக் கொடுத்துவிடலாம், சிக்னல் கிடைக்கும் வளைவில் அவர்களே அனுப்பிக்கொள்வார்கள். மூலப் படங்களை இணையத்தில் ஏற்றும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவு, சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் ஒரு காப்பி. இறங்கும்போது ஒரு கார்டு என் பையில், மற்றொன்று உதவியாளர் வண்டியில்.

கல்யாண வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். அட்வான்ஸ் கொடுக்கும்போது எல்லோரும் கேமரா என்ன மாடல் என்றுதான் கேட்கிறீர்கள். படம் எடுப்பவர் இரண்டு கார்டு போடுகிறாரா, காப்பி எப்போது எடுக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.