மருந்து தெரியாத கருணை

அன்புள்ள தங்கைக்கு,

தினமும் விடியற்காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பிறர் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மைத்ரி தியானம் செய்வதாகவும், வார்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே அது போன இடம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஏதாவது புத்த விகாரையில் போய் இருந்துவிடலாமா என்ற கேள்வி வேறு. உன் வயதில் பலரும் இதைக் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

விகாரைக்குப் போனாலும் பெட்பேன் உன்னை விடாது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தின் மகாவக்கத்தில் வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு வருகிறார். தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். மற்றவர்களுக்கு நான் எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் என்னை யாரும் பார்ப்பதில்லை என்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் அந்தப் பிக்குவைக் கழுவிவிடுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். நமக்கு நர்சிங் படிப்பில் சொல்லித் தந்தார்களே, ஒரு ஆள் தனியாகத் தூக்காதே என்று, அதேதான். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் பிக்குகளிடம் சொன்னதும் இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

பிரசங்கம் செய்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்துதான் இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர் யார் என்று புத்தர் ஐந்து குணங்களை வரிசையாகச் சொல்கிறார். முதலாவது, மருந்து தயாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து அதன்படி கொடுக்கவும் விலக்கவும் வேண்டும். லாபத்துக்காக இல்லாமல் அன்போடு செய்வது மூன்றாவதாகத்தான் வருகிறது. மலம், மூத்திரம், வாந்தியை அருவருக்காமல் அள்ளுவது நான்காவது. அவ்வப்போது நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவது கடைசி.

இந்த வரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இன்சுலின் யூனிட்டை இன்னொரு முறை சரிபார்ப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுவதும், கேஸ் ஷீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பதும் உன் மைத்ரி தியானம்தான். விடியற்காலை அரை மணி அதற்கான ஒத்திகை. கண்ணில் நீர் ததும்ப நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, டிரிப்ஸ் தீர்ந்துபோனதைக் கவனிக்காத நர்ஸ் எனக்கு வேண்டாம்.

மகாவக்கத்தில் அதே இடத்தில் நோயாளிகளைப் பற்றியும் பேச்சு வருகிறது. ஒத்துக்கொள்ளாததைச் செய்பவர், அளவு தெரியாதவர், மருந்து சாப்பிடாதவர், பார்த்துக்கொள்பவரிடம் உண்மையைச் சொல்லாதவர், வலி பொறுக்காதவர் ஆகியோரைப் பார்த்துக்கொள்வது கடினம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. தலையணைக்கு அடியில் ஜிலேபி ஒளித்து வைக்கும் சர்க்கரை நோயாளி அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார் போலும். அவர் மேல் எரிச்சல் வந்தால் தியானம் தோற்றுவிட்டது என்று நினைக்காதே. எரிச்சல் வந்தது உனக்குத் தெரிந்திருக்கிறது, அதோடு ஊசியும் நேரத்துக்குப் போட்டிருக்கிறாய். அது போதும்.

எதிர்வார்டில் ஒரு பாட்டி இறந்த பிறகு ஒரு வாரமாக அழுதுகொண்டே இருக்கிறேன், என் கருணை என்னையே தின்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்துகொண்டு புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், கருணைக்கு இரண்டு பகைகள் என்கிறது. தூரத்துப் பகை கொடுமை. அதை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். கிட்டத்துப் பகை துக்கம். அது கருணையின் சாயலிலேயே வந்து உட்கார்ந்துகொள்வதால் கண்டுபிடிப்பது கஷ்டம். உன்னைத் தின்பது அந்தத் துக்கம். இதற்குப் பயந்து சீனியர்கள் சிலர் ‘பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது’ என்று மரத்துப்போகிறார்கள். அதையும் புத்தகோசர் விடவில்லை. மனச் சமநிலைக்குக் கிட்டத்துப் பகை, ஒன்றும் உணராத அலட்சியம் என்கிறார்.

அதே நூலில் ஒரு இளம் பிக்கு தன் ஆசிரியரை நினைத்து மைத்ரி தியானம் தொடங்குகிறார். எவ்வளவு முயன்றும் மனம் ஒன்றவில்லை. மூத்த தேரர் ஒருவரிடம் போய்ச் சொல்ல, நீ யாரை நினைத்துச் செய்கிறாயோ அவரைப் பற்றி விசாரித்துப் பார் என்கிறார். விசாரித்தால் ஆசிரியர் இறந்துபோயிருக்கிறார். பிறகு உயிரோடிருக்கும் வேறொருவரை வைத்துச் செய்ததும் தியானம் கைகூடுகிறது. இறந்தவரை வைத்து மைத்ரி தியானம் செய்யக்கூடாது என்பது அங்கே சொல்லப்படும் விதி. ஆகவே காலையில் உட்காரும்போது பாட்டியை விட்டுவிடு. முதலில் உன்னை நினை, அடுத்து மதிப்பும் பிரியமும் உள்ள ஒருவரை, அதற்கடுத்து பெயர்கூடத் தெரியாத வார்டு பாயையோ ஆயாம்மாவையோ. கத்துகிற அட்டெண்டர் கடைசியில் வரட்டும். இந்த வரிசையும் விசுத்திமக்கம் தருவதுதான்.

வார்டில் தியானத்துக்கு நேரமில்லை என்கிறாய். கைக்கு சானிடைசர் தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எப்படியும் ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன்னும் பின்னும் அதைச் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் மூச்சைக் கவனி. அடுத்த பெட்டுக்குப் போகும்போது முந்தைய பெட்டின் கோபத்தைக் கொண்டுபோகாதே. வியட்நாமில் போர் நடந்தபோது, 1974இல் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் அங்கே சமூகத் தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு சகோதரருக்கு எழுதிய நீண்ட கடிதமும் இப்படி அன்றாட வேலைக்கு நடுவே விழிப்போடிருப்பதைப் பற்றியதுதான். உன் நைட் டியூட்டியைவிட அவர்கள் வேலை லேசானதல்ல.

மகாவக்கத்திலிருந்து இன்னும் ஒன்று. இறந்த பிக்குவின் பாத்திரமும் சீவர உடையும் சங்கத்துக்குச் சொந்தம். ஆனால் பார்த்துக்கொண்டவர்கள் பெரிய உதவி செய்திருக்கிறார்கள் என்பதால் அவற்றை அவர்களுக்கே கொடுக்கச் சொன்னார் புத்தர். கூட இருந்து பார்த்துக்கொண்டவன் இன்னும் முழுப் பிக்கு ஆகாத சாமணேரனாக இருந்தாலும் அவனுக்கும் சமபங்கு. சேவை மனப்பான்மை என்று சொல்லி டபுள் டியூட்டி போட வைக்கிற எந்த நிர்வாகமும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. களைத்துப்போன நர்ஸ் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் உன் ஓய்வு நோயாளிக்கும் சேர்த்துத்தான். அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் போடும்போது, வர வேண்டிய விடுப்பையும் கூடுதல் நேரத்துக்கான பணத்தையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள். உன்னோடு வேலை பார்க்கும் ஆயாம்மாவுக்கும் சேர்த்துக் கேள்.

அன்புடன்,
அக்கா