நீச்சல் தடாகத்துக்குப் பூச்செடி: செலவைக் குறைப்பது எப்படி?

கிழக்குக் கரையில் சிறிய தங்குவிடுதி நடத்தும் நண்பர் ஒருவர் கணக்குப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். நீச்சல் தடாகத்தைத் துப்புரவாக்க மட்டும் ஓர் ஆளுக்குச் சம்பளம். குளோரீன் செலவும் ஏறிக்கொண்டே போகிறதாம். நேரில் போய்ப் பார்த்தேன். தடாகத்தின் மேற்குப் பக்கம், விளிம்போடு ஒட்டி ஒன்பது போகன்வில்லா!

வைகாசி முதல் புரட்டாதி வரை அங்கு கச்சான் காற்று. அது மேற்கிலிருந்து வீசுவது. உல்லாசப் பயணிகள் வரும் காலமும் அதுதான். பூவெல்லாம் தண்ணீருக்குள் வந்து விழுந்து வடிகட்டிக் கூடையை அடைக்கிறது. ஊறி அழுகும் பூவும் இலையும் குளோரீனைத் தின்றுவிடும். போதாததற்கு முள்; வெறுங்காலோடு நடக்கும் இடமல்லவா?

போகன்வில்லாவைக் குறை சொல்லவில்லை. வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது. அதிகம் ஊற்றினால்தான் பூ குறையும். அதைக் கிழக்கு மதிலோரம் வைத்திருந்தால் கச்சான் காற்றே பூவை வெளியே கொண்டுபோயிருக்கும்.

விளிம்புக்கு அருகில் பத்துமணிப்பூ போதும். தடித்த இலையில் நீரைச் சேமித்துக்கொள்வதால் இரண்டொரு நாள் மறந்தாலும் வாடாது. நித்தியகல்யாணியும் அப்படித்தான். வெட்சியைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் சீமெந்துத் தளத்தை ஒட்டி நட்டால் மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும். பிறகு பசளைக்குச் செலவழிக்க வேண்டிவரும். அதைத் தளத்திலிருந்து தள்ளி, கூட்டெரு கலந்த மண்ணில் நடுங்கள்.

மரம் வேண்டுமென்றால் சிங்களவர் 'அரலிய' என்று சொல்லும் மரம் நல்லது. உப்புக்காற்றைத் தாங்கும்; பூ உதிர்ந்தாலும் முழுதாகவே விழும், வலையால் அள்ளிவிடலாம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். நாற்றுமேடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். நமது 'அலரி' வேறு செடி. அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

பூச்சாடி வைப்பவர்கள் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நீர் தேங்காமல் பார்ப்பது உரிமையாளரின் அல்லது அங்கு இருப்பவரின் கடமை. தண்டப்பணம் கட்டுவது ஒரு பக்கம் இருக்க, விடுதியின் பெயர் கெட்டால் ஆள் வராது.

நண்பர் ஒன்பது செடியையும் பெயர்த்துக் கிழக்குப் பக்கம் நடப்போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதன் வேர் மெல்லியது. வளர்ந்த செடியைப் பெயர்த்தால் பட்டுப்போக இடமுண்டு. வாடை மழை தொடங்கும்போது தடி வெட்டி மதிலோரம் நட்டு, அது துளிர்த்த பிறகு பழையதை அகற்றினால் புதுச் செடிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.